வாண்டு இருக்கும் வீடு: வாசகர் கேள்வி பதில்

ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் வீட்டில் ஒரு வாண்டு இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். எழுதித் தள்ளிவிட்டீர்கள். ஒரு கடிதத்தில் பாதிப் பக்கத்துக்கு நீலக் கிறுக்கல், அடியில் "இது என் மகன் எழுதிய பகுதி" என்று ஒரு குறிப்பு. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் இல்லை என்பதால் நான் கடிதங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: துடைத்தால் போகிற விஷயம், துடைத்தாலும் போகாத விஷயம். முதல் வகைதான் ஏராளம், அதற்குக் கிண்டலும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன். இரண்டாவது வகை கொஞ்சம்தான், ஆனால் அந்த இடங்களில் தயவுசெய்து மெதுவாகப் படியுங்கள்.

அக்கா, என் மகளுக்குப் பதினாலு மாதம். சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்தால் கரண்டியைக் கீழே போடுகிறாள். எடுத்துக் கொடுத்தால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி போடுகிறாள். வேண்டுமென்றே செய்கிறாளா?
— குனிந்து குனிந்து இடுப்பு போன ஒரு அம்மா

வேண்டுமென்றேதான் செய்கிறாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களை வம்புக்கு இழுப்பது அவள் நோக்கம் இல்லை, நீங்கள் அந்தச் சோதனையில் ஒரு கருவி, அவ்வளவுதான். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பு எழுதி வைத்தவர். அவருடைய மகன் பத்து மாதக் குழந்தையாக மல்லாந்து படுத்திருந்தபோது ஒரு செல்லுலாய்ட் அன்னப் பொம்மையை எடுத்துக் கையை நீட்டிப் போடுகிறான், அப்புறம் ஒரு பெட்டியைப் போடுகிறான், கையை ஒரு முறை நேராக, ஒரு முறை சாய்த்து, ஒரு முறை கண்ணுக்கு மேலே வைத்துப் போட்டுப் பார்க்கிறான். எங்கே விழுகிறது என்று திரும்பிப் பார்க்கிறான். உங்கள் மகள் செய்வதும் இதே வேலைதான். கரண்டி விழுந்தால் ஒரு சத்தம், கிண்ணம் விழுந்தால் வேறு சத்தம், பால் விழுந்தால் சத்தமே இல்லை, ஆனால் அம்மா கத்துவாள். எல்லாவற்றிலும் சுவாரசியமான விளைவு அந்தக் கடைசி விளைவுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதனால் முகத்தை மாற்றாமல் ஒன்றிரண்டு தடவை எடுத்துக் கொடுங்கள். அப்புறம் கரண்டி தரையிலேயே இருக்கட்டும். கிண்ணத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வாய் அளவுக்கு மேல் வைக்காதீர்கள், கவிழ்த்தாலும் நஷ்டம் இரண்டு வாய்தான். நாற்காலிக்கு அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பு. சாப்பாட்டையே வீச ஆரம்பித்தால் பெரும்பாலும் பசி அடங்கிவிட்டது என்று அர்த்தம், பேசாமல் இறக்கி விடுங்கள். கரண்டியைக் கயிறு கட்டி நாற்காலியில் தொங்கவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், நீளமான கயிறு இந்த வயதுக் குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

வாடகை வீடு. ஹால் சுவர் முழுக்க கிரேயான், பால்பாயின்ட் பேனா, எங்கிருந்து எடுத்தான் என்றே தெரியாத ஒரு மார்க்கர். வீட்டுக்காரர் அடுத்த வாரம் வருகிறார். காப்பாற்றுங்கள்.
— இரண்டரை வயது ஓவியரின் அப்பா

முதலில் ஒரு நிமிடம் தள்ளி நின்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவன் கல்யாணத்தில் காட்டலாம். இப்போது வேலைக்கு வருவோம்.

மூன்றும் மூன்று விதமான கறை, ஒரே மருந்து சரிப்படாது. கிரேயான் என்பது அடிப்படையில் நிறம் கலந்த மெழுகு. அதனால் வெறும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் பரவுமே தவிரப் போகாது. ஈரத்துணியில் கொஞ்சம் சமையல் சோடாவைத் தொட்டு, அழுத்தாமல், வட்டமாகத் தேய்க்க வேண்டும். தடிமனாக அப்பியிருந்தால் ஹேர் டிரையரைச் சில விநாடி காட்டி மெழுகு இளகியதும் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் சோடா. பால்பாயின்ட் மையும் அழியாத மார்க்கரும் ஆல்கஹாலில் கரையும். கையில் தேய்க்கிற சானிடைசரைப் பஞ்சில் எடுத்து ஒற்றி ஒற்றி எடுங்கள். இழுத்துத் துடைத்தால் ஒரு கோடு ஒரு மேகமாகிவிடும். எதைச் செய்வதானாலும் முதலில் சோபாவுக்குப் பின்னால் தெரியாத ஒரு மூலையில் செய்து பாருங்கள், ஏனென்றால் சில பெயின்ட்டில் மையோடு சேர்ந்து பெயின்ட்டும் வந்துவிடும், அதைவிட அந்தக் கிறுக்கலே தேவலை. வேலை முடிகிற வரை ஓவியர் வேறு அறையில் இருக்கட்டும், சானிடைசர் பாட்டில் உங்கள் கையை விட்டு இறங்க வேண்டாம்.

கறை போனாலும் பழக்கம் போகாது. ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளரும் பட்ரிஷியா யோனாஸ் என்பவரும் 1968இல் ஒரு சோதனை செய்தார்கள். சின்னக் குழந்தைகளிடம் கோடு விழுகிற எழுதுகோலையும், பார்க்க அதே மாதிரி இருந்து கோடு விழாத ஒன்றையும் கொடுத்துப் பார்த்ததில், கோடு விழாதது வெகு சீக்கிரம் சலித்துப் போனது. ஆக, குழந்தைக்குக் கையை ஆட்டுவதில் ருசி இல்லை, தான் போனதற்கு ஒரு தடம் விழுவதில்தான் ருசி. மை தீர்ந்த பேனாவைக் கொடுத்து ஏமாற்றலாம் என்று நினைப்பவர்கள் தோற்பது இதனால்தான். ஏமாற்றாமல் சுவரிலேயே அவன் தோள் உயரத்துக்குப் பெரிய காகிதத்தை ஒட்டி விடுங்கள், நாலு பக்கமும் நன்றாக டேப் போட்டு. கழுவினால் போகிற நிறங்களை மட்டும் அவன் கைக்கு எட்டும்படி வையுங்கள், மற்றது எல்லாம் பூட்டுக்குள். காகிதத்துக்கு வெளியேயும் கொஞ்சம் போகும். போகட்டும்.

குழந்தை மதியம் தூங்கும் நேரத்தில் வீட்டைச் சுத்தம் செய்யலாமா, நானும் தூங்கலாமா?
— கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதும் ஒருத்தி

தூங்குங்கள். சுத்தம் செய்த வீடு அவன் எழுந்த பிறகு பத்து நிமிடம்கூடத் தாங்காது, நீங்கள் தூங்கிய தூக்கம் ராத்திரி வரை தாங்கும்.

என் பேத்திக்கு ஒன்றரை வயது. வீட்டில் டி.வி. ரிமோட்டை வைத்த இடத்தில் பார்த்து வெகு நாளாகிறது. ஷூவுக்குள் கிடைத்தது, வாளித் தண்ணீரில் கிடைத்தது, ஒரு முறை குப்பைக் கூடையிலிருந்து மீட்டோம். என் பழைய ரிமோட்டையே அவளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன். சரிதானே?
— ஒரு தாத்தா

ஐயா, ரிமோட் குளித்த கதையைப் படித்து அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தோம். பழைய ரிமோட்டைக் கொடுப்பதும் நல்ல யோசனைதான், உள்ளே இருக்கும் பேட்டரியை எடுத்துவிட்டிருந்தால். எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த இதழ் கைக்கு வந்ததும் முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.

பென்சில் பேட்டரியே வேண்டாம் என்பேன், ஆனால் நான் பயப்படுவது காசு மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கிற பட்டன் பேட்டரிக்கு. சின்ன ரிமோட்டுகள், பாடுகிற வாழ்த்து அட்டை, மினுக்குகிற பொம்மை, எடை மெஷின், கார் சாவி என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் அங்கிருக்கும் ஈரத்தால் மின்னோட்டம் ஓடத் தொடங்கி, பட்ட இடத்தில் காரம் உண்டாகித் தசையை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே மோசமான புண் ஆகலாம். தீர்ந்துபோன பேட்டரி என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது, ரிமோட்டை இயக்க முடியாத பேட்டரியிலும் இந்த வேலைக்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாமல், உடனே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குழந்தை சிரித்துக்கொண்டே விளையாடினாலும் ஓட வேண்டும்.

ரிமோட்டின் பின்மூடி ஸ்குரூ போட்டதாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அழுத்தமான டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அழகாக இருக்காது, ஆனால் வாளியில் குளித்து வந்த ரிமோட்டுக்கு இனி அழகு எதற்கு? பேட்டரி மாற்றும்போது பழையதை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள், கழற்றிய கையோடு அவளுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும்.

என் மகன் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொம்மைத் தலையை விழுங்கிவிட்டான். ஒன்றும் ஆகாது, தானாக வெளியே வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று நாளாக நான் டயப்பரைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். இன்னும் எத்தனை நாள்?
— கையுறை போட்ட அம்மா

உங்களுக்காகவே ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கிறது, நான் கதை விடவில்லை. குழந்தை மருத்துவர்கள் ஆறு பேர் ஆளுக்கு ஒரு லெகோ பொம்மையின் மஞ்சள் தலையை விழுங்கி, பிறகு அவரவர் மலத்தை அவரவரே தேடி, எத்தனை நாளில் வருகிறது என்று கணக்கு எழுதி 2018இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். சராசரியாக 1.71 நாள். ஒருவருக்கு மட்டும் தலை கிடைக்கவே இல்லை. படித்த டாக்டர், என்ன தேடுகிறோம் என்று தெரிந்து தேடியே கிடைக்கவில்லை. நீங்கள் ஏதோ ஒரு டயப்பரில் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள், அது எப்போதோ வெளியேறியிருக்கும். இப்படித் தேடத் தேவையில்லை என்பதுதான் அவர்கள் சொல்ல வந்ததும். கையுறையைக் கழற்றிவிட்டு, உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று: இந்தத் தாராளம் வழவழப்பான சின்ன பிளாஸ்டிக்குக்கு மட்டும்தான், அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. பட்டன் பேட்டரிக்கு இல்லை. காந்தத்துக்கும் இல்லை. இரண்டு காந்தம் உள்ளே போனால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். விழுங்கிய பிறகு மூச்சுத் திணறல், எச்சில் வழிதல், விடாத வாந்தி என்று எது இருந்தாலும் ஆராய்ச்சிக் கதை எல்லாம் பேசிக்கொண்டு உட்கார வேண்டாம்.

மூக்கில் மணி ஒன்றைப் போட்டுக்கொண்டாள் என் பெண். அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எது சரி?
— பதறிப்போன ஒரு அப்பா

விரலை விடுவதும் இடுக்கியை விடுவதும் சரியில்லை, பாதி நேரம் மணியை இன்னும் உள்ளேதான் தள்ளும். டாக்டர்கள் முயன்று பார்க்கும் ஒரு முறை இருக்கிறது. 1965இலேயே எழுதப்பட்டது, "தாய் முத்தம்" என்பது மாதிரி ஒரு பெயர் அதற்கு. பெற்றோர் குழந்தையின் வாயோடு வாய் வைத்து, அடைக்காத மூக்குத் துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு, ஒரு சின்ன ஊது ஊதுவது. காற்று அடைத்த பக்கமாக வெளியேறி, மணியோடு நிறையச் சளியையும் உங்கள் கன்னத்தில் கொண்டுவந்து சேர்க்கும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பத்தில் ஆறு குழந்தைக்குப் பலித்திருக்கிறது. ஆனால் வீட்டில் நீங்களாகப் பரிசோதிக்காமல் டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்யுங்கள். உள்ளே போனது பட்டன் பேட்டரி என்றால் முத்தம் எல்லாம் கிடையாது, நேராக மருத்துவமனை. ஒரே பக்க மூக்கிலிருந்து மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்துகொண்டே இருந்தால், யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒன்று அங்கே குடியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

நீலக் கிண்ணத்தில் பால் கேட்டான். கொடுத்தேன். "நீலம் வேண்டாம்" என்று தரையில் விழுந்து புரண்டான். சிவப்பில் மாற்றினேன். நீலம் வேண்டும் என்று அழுதான். நான் என்னதான் செய்திருக்க வேண்டும்?
— இரண்டு வயது மகனின் அப்பா

ஒன்றும் செய்திருக்க வேண்டாம் தம்பி. வழக்கு கிண்ணத்தைப் பற்றியது என்று நினைத்துத்தான் நீங்கள் சிக்கிக்கொண்டீர்கள். அவனுக்குத் தூக்கம் வந்திருக்கலாம், பசி தலைக்கு ஏறியிருக்கலாம், அல்லது கிண்ணத்தைத் தானே எடுக்க நினைத்ததை நீங்கள் முந்திக்கொண்டு எடுத்திருக்கலாம். அதைச் சொல்லும் அளவுக்கு வார்த்தை இல்லை, கையில் இருக்கிற வார்த்தை "வேண்டாம்" ஒன்றுதான்.

பொட்டேகல், டேவிட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெற்றோர் எழுதிக் கொடுத்த நூற்றுக்கணக்கான அடம்பிடிப்புகளை நிமிட நிமிடமாகப் பிரித்து 2003இல் எழுதினார்கள். முக்கால்வாசி அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நமக்குத்தான் அது ஒரு யுகமாகத் தெரிகிறது, முக்கியமாகப் பொது இடத்தில் நாலு பேர் பார்க்கும்போது. அடத்துக்குள் கோபம் ஒன்று, வருத்தம் ஒன்று என இரண்டு சரக்கு உண்டு. கத்துவது, உதைப்பது, வீசுவது எல்லாம் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அழுகையும் "தூக்கு" என்று கை நீட்டுவதும் கடைசி வரை இருக்கும். கோபம் உச்சத்தில் இருக்கும்போது நியாயம் பேசாதீர்கள், "உனக்கு என்னதான் வேணும்" என்று கேட்காதீர்கள், அது நெருப்பில் எண்ணெய். தலையில் அடி படாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் சும்மா உட்காருங்கள். கை நீட்டும்போது தூக்கிக்கொள்ளுங்கள். சிரிப்பு வரும், வரத்தான் செய்யும், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரியுங்கள். அவனைப் பொறுத்தவரை அது நிஜமான துக்கம். பால் எந்தக் கிண்ணத்தில் என்பதை முதலிலேயே இரண்டைக் காட்டி அவனையே எடுக்கச் சொன்னால் சில நாள் தப்பிக்கலாம். எல்லா நாளும் இல்லை.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. மதியத் தூக்கம் முடிந்து சத்தமே இல்லையே என்று போய்ப் பார்த்தால், டயப்பரைக் கழற்றி, உள்ளே இருந்ததைத் தொட்டில் கம்பிகளில் ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டிருந்தாள். இது மனநலப் பிரச்சினையா?
— பெயர் வேண்டாம்

இல்லவே இல்லை, உங்களைப் போலவே எழுதிய இன்னும் சிலரின் கடிதங்கள் என் மேஜையில் இருக்கின்றன, எல்லோரும் "பெயர் வேண்டாம்" என்றுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அருவருப்பு என்பது பிறக்கும்போதே கூட வருவதில்லை. பால் ரோசின் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வேர்க்கடலை வெண்ணெயையும் நாற்றமடிக்கும் சீஸையும் பிசைந்து நாய் மலம் மாதிரியே செய்து, அப்படியே பெயரும் சொல்லி, குழந்தைகள் முன்னால் வைத்தார்கள். இரண்டரை வயதுக்குக் கீழே இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதை எடுத்துச் சாப்பிட்டார்கள். உங்கள் மகள் பூசத்தான் செய்தாள், அந்த வகையில் பரவாயில்லை.

கையில் மெத்தென்று, சூடாக, அழுத்தினால் உருவம் மாறுகிற ஒரு பொருள் கிடைத்தது. கூட யாரும் இல்லை. பூசினாள். நீங்கள் அலறினால் அது ஒரு பெரிய நிகழ்ச்சியாகப் பதிந்துவிடும், நாளைக்கும் அந்த அலறலுக்காகவே நடக்கும். "இது கழிவறைக்குப் போக வேண்டியது" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே முதலில் அவளை, அப்புறம் தொட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கம்பி இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் உதவும், முடித்ததும் அதை உடனே எறிந்துவிடுங்கள், யாராவது எடுத்துவிடப் போகிறார்கள். தூங்கும்போது முன்பக்கம் திறக்க முடியாத உடுப்பு, அல்லது ஜிப் முதுகுப்பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்ட முழு உடுப்பு. எழுந்த சத்தம் கேட்டதும் போய்விடுவது இதை எல்லாம்விட மேல். தானே கழற்றுகிறாள், ஈரம் ஆனால் சொல்கிறாள் என்றால் கழிவறைப் பழக்கத்தை ஆரம்பிக்க நேரம் வந்திருக்கலாம். பகலில் அடக்கும் திறன் பல குழந்தைகளுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வருகிறது. ராத்திரி நனையாமல் இருப்பது அதற்கும் வெகுநாள் கழித்துதான், அதற்கு அவசரப்படாதீர்கள்.

நான் பெருக்கினால் அவனும் பெருக்குகிறான், நான் கூட்டி வைத்த குப்பையையே. துணி மடித்தால் மடித்ததை எடுத்து வந்து என்னிடமே நீட்டுகிறான். இந்த உதவியை எப்படி நிறுத்துவது?
— உதவியால் நொந்த அம்மா

நிறுத்தாதீர்கள் தங்கச்சி, இதே பையன் பத்து வயதில் சோபாவில் படுத்துக்கொண்டு "தண்ணி எடுத்துக் குடும்மா" என்று சொல்லும்போது இந்தக் கடிதத்தை நினைத்துப் பார்ப்பீர்கள். வார்னெக்கென், டொமாசெல்லோ என்ற இருவர் 2006இல் பதினெட்டு மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவற விட்டுவிட்டுக் கை எட்டாமல் தவிப்பார், இரண்டு கையிலும் புத்தகக் கட்டோடு வந்து அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பார். யாரும் கேட்காமலே, பாராட்டு இல்லாமலே, பெரும்பாலான குழந்தைகள் போய் எடுத்துக் கொடுத்தார்கள், கதவைத் திறந்துவிட்டார்கள். மனசு வந்துவிட்டது, கைத்திறமை வரவில்லை, அந்த இடைவெளியைத்தான் நீங்கள் தினமும் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவனுக்கென்று முடிவே இல்லாத ஒரு வேலை கொடுங்கள். ஈரத்துணி ஒன்று, துடைக்க ஒரு கதவு. காலுறைகளை ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு மாற்றுவது. மடித்த துணியை உடனே அலமாரிக்குள் வைத்துவிடுங்கள், அவன் உயரத்தில் அடுக்கி வைத்தால் அது அவனுக்கு வந்த அழைப்பிதழ். நிஜமாகவே வேலை முடிய வேண்டும் என்றால் அவன் தூங்கும்போது செய்யலாம் என்று சொல்ல வந்தேன், ஆனால் மேலே ஒருத்தருக்குத் தூங்கச் சொல்லிவிட்டேன். சரி, கொஞ்ச நாளைக்கு வேலை முடியாது.

என் மகள் உள்ளங்கை அளவு பொம்மைக் காரின் கதவைத் திறந்து காலை உள்ளே விட்டு ஏறப் பார்க்கிறாள். ஏற முடியவில்லை என்று கோபம் வேறு. கண்ணில் கோளாறா?
— ஒரு அம்மா

கண் நன்றாகத்தான் இருக்கிறது. இதை அளவுப் பிழை என்று சொல்வார்கள். ஜூடி டிலோச்சும் சகாக்களும் 2004இல் இதைச் சோதித்தபோது, ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் பொம்மை நாற்காலியில் மும்முரமாக உட்காரப் போனார்கள், செருப்பு அளவு சறுக்குமரத்தில் சறுக்கப் பார்த்தார்கள். "இது கார், காரில் ஏற வேண்டும்" என்று மூளை முடிவெடுக்கும் வேகத்துக்கு "ஆனால் இது குட்டியூண்டு" என்கிற தகவல் வந்து சேரவில்லை. தானாகப் போய்விடும். போவதற்குள் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த உறவினரிடம் என் மூன்று வயது மகன், "நீங்க எப்ப போவீங்கன்னு அம்மா கேட்டாங்க" என்று சொல்லிவிட்டான். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?
— சமையலறையில் ஒளிந்தவள்

அவன் பொய் சொல்லவில்லையே. மழுப்பவும் முடியாது, மழுப்பினால் "இல்லம்மா, நீதானே சொன்னே" என்று இன்னும் தெளிவாகச் சொல்வான். "ஆமாம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருப்பீர்களா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போங்கள். வேறு வழி இல்லை, அன்றைக்குச் சமைத்தே ஆக வேண்டும்.

போனைப் பூட்டி வைத்தால் கண்ட எண்களை அழுத்தி, போனே திறக்காமல் செய்துவிடுகிறாள். என்ன செய்யலாம்?
— அலுவலக அழைப்பைத் தவறவிட்டவர்

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவரின் மூன்று வயது மகன் 2019இல் ஐபேடில் இப்படி விளையாடி, "2,55,36,442 நிமிடம் கழித்து முயலவும்" என்று திரையில் வரவைத்துவிட்டான். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 48 வருடம். நீங்கள் தவறவிட்டது ஒரு அழைப்புதான். போனில் இருக்கும் படங்களை வேறு இடத்திலும் சேமித்து வையுங்கள், கைரேகைப் பூட்டு இருந்தாலும் கடவுச்சொல்லைத் தப்பாக அழுத்த அவளால் முடியும் என்பதால் போனை உயரத்தில் வையுங்கள். அவளுக்குப் பழைய ரிமோட் கொடுக்கலாம், ஆனால் தாத்தாவுக்கு மேலே எழுதிய பதிலைப் படித்துவிட்டு.

நடக்க ஆரம்பித்து இரண்டு மாதம். பின்னாலேயே ஓடி என்னால் முடியவில்லை. கீழே விழுந்துகொண்டே இருக்கிறான். கால் பலவீனமா?
— மூச்சு வாங்கும் பாட்டி

அம்மா, கேரன் அடால்ஃப் குழுவினர் ஒன்று முதல் ஒன்றரை வயது வரையான குழந்தைகள் தம்பாட்டுக்கு விளையாடுவதைப் படம் பிடித்து எண்ணிப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடி எடுத்து வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். எழுந்து எழுந்து போவதால்தான் நடை திருந்துகிறது. ஒவ்வொரு விழுதலுக்கும் நீங்கள் ஓட வேண்டாம், உங்கள் முழங்காலையும் பார்க்க வேண்டுமே. படிக்கட்டு வாசலுக்குக் கதவு, மேஜை முனைக்கு மெத்தை, இழுத்தால் சாய்கிற அலமாரியைச் சுவரோடு ஸ்குரூ. இது மூன்றும் இருந்தால் ஹாலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். நடக்கும்போது ஒரே பக்கமாகச் சாய்ந்தாலோ, நன்றாக நடந்தவன் திடீரென்று நடக்க மறுத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

விருந்தாளி வர அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று போன் வந்தால், போர்க்களமாகக் கிடக்கும் வீட்டை எப்படி ஒப்பேற்றுவது? வீட்டில் நாங்கள் இருவரும் இதற்குத்தான் அதிகம் சண்டை போடுகிறோம்.
— அவசரத்தில் ஒரு தம்பதி

யார் செய்வது என்று சண்டை போட்டால் அரை மணி நேரமும் அதிலேயே போய்விடும், ஒருவர் குழந்தை, ஒருவர் வீடு என்று அந்த நிமிடமே பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தையை எடுத்துக்கொள்பவருக்குத்தான் கஷ்டமான பங்கு என்பதை இன்னொருவர் வாய் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு பக்கம் போகிறவர் எதையும் அடுக்கக் கூடாது. பெரிய கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்து தரையில் இருப்பதையெல்லாம் அள்ளிப் போட வேண்டும், பொம்மை, காலுறை, பாதி கடித்த பிஸ்கட், எதுவானாலும். பிஸ்கட்டை மட்டும் அன்றைக்கே தேடி எடுத்துவிடுங்கள், எறும்பு உங்களுக்கு முன்னால் தேடி எடுத்துவிடும். அடுத்து உட்காரும் இடம், கழிவறை, கை துடைக்கும் துண்டு, அதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. கூடையைப் படுக்கையறையில் தள்ளிக் கதவைச் சாத்துங்கள். சாத்துவதற்கு முன்னால் வாண்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் ஒரு முறை பாருங்கள், இந்த வயதில் உள்ளே தாழ்ப்பாள் போடத் தெரியும், திறக்கத் தெரியாது.